கொண்டை ஊசி வளைவும் முதுகு வளைவும்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஏற்காட்டில் இருந்து தினமும் பஸ்ஸில் சேலம் இறங்கி, பள்ளிக்குப் போய் வருகிறாள். தீபாவளிச் சுடிதாருக்கு அளவு எடுத்த தையல்கார அக்காதான், "வலது தோள் ஒரு விரல் தூக்கி இருக்கே" என்றார். எக்ஸ்ரே எடுத்தோம். 22 டிகிரி வளைவு, ஸ்கோலியோசிஸ் (முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவது), ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புத்தக மூட்டையும் மலைப்பாதையும்தான் காரணம் என்கிறார் மாமியார். யூடியூபில் ஒருவர், இது மூளைக் கோளாறு என்கிறார். அதைக் கேட்டதில் இருந்து தூக்கம் இல்லை. நன்றாகப் படிக்கிற பெண். மூளையில் என்ன கோளாறு இருக்க முடியும்?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: முதலில் அந்தத் தையல்கார அக்காவுக்கு நன்றி சொல்லுங்கள். பலருக்கு வலி இருக்காது என்பதால் இந்த வளைவு பெரும்பாலும் இப்படித்தான், அளவு எடுக்கும்போதோ தலை பின்னும்போதோ கண்ணில் படும்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: புத்தகப் பையால் முதுகு வலிக்கலாம், இந்த வளைவு வராது. 20 கொண்டை ஊசி வளைவும் முதுகை வளைக்கும் என்றால் ஏற்காடு பஸ் டிரைவர்கள் ஒருவரும் நிமிர்ந்து நடக்க முடியாது. வளரும் பிள்ளைகளில் 100-க்கு 2, 3 பேருக்கு இது வருகிறது. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். ஒற்றைக் காரணம் என்று எதுவும் இதுவரை பிடிபடவில்லை.

சரி, மூளை விஷயத்துக்கு வருவோம். அடுத்த முறை பஸ்ஸில் ஒரு வளைவு வரும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வண்டி ஒரு பக்கம் சாய, உங்கள் கழுத்து தானாகவே மறுபக்கம் நிமிரும். உள்காது ஒரு செய்தி அனுப்புகிறது, முதுகுத் தசையும் பாதமும் வேறு செய்தி அனுப்புகின்றன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, 'இதுதான் நேர்' என்று முடிவு செய்வது மூளை. இந்தக் கணக்கில் சிறு பிசகு இருந்து, அதுவும் உடம்பு கிடுகிடுவென்று வளரும் வருடங்களில் இருந்தால், முதுகுத்தண்டு ஒரு பக்கமாக வளையுமோ என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம். தலைப்பிரட்டைக்கு ஒரு பக்க உள்காதை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். வளர்ந்து தவளையானபோது அதன் முதுகு வளைந்திருந்தது. மூளையில் உள்ள பினியல் சுரப்பியை நீக்கிய கோழிக்குஞ்சுகளுக்கும் வளைந்தது. ஆனால் குரங்குகளுக்கு அப்படி வளையவில்லை. அதனால் கோழியைக் காட்டி மனிதனுக்குத் தீர்ப்பு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இந்த வளைவு உள்ளவர்களின் மூளை ஸ்கேனில் தெரியும் சின்னச் சின்ன வித்தியாசங்களும் அப்படித்தான். வளைந்த உடம்போடு வருடக்கணக்கில் வாழ்ந்த மூளை, அதற்கேற்ப மாறியும் இருக்கலாமே! படிப்புக்கும் அறிவுக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

ஒன்றை மட்டும் நேரிலேயே பார்த்திருக்கிறேன். பிசியோதெரபி அறையில் ஒரு சிறுமியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிறுத்தி, தோளையும் இடுப்பையும் பிடித்து நேராக்கினார்கள். "அக்கா, நான் சாஞ்சு நிக்கிறேன், விழுந்துடுவேன்" என்றாள். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். அவள் மூளை அந்த வளைவையே நேர் என்று பழகி வைத்திருந்தது. ஆகவே வீட்டில் "நேரா நில்லு, கூன் போடாதே" என்று அதட்டுவதை விட்டுவிடுங்கள். அவளைப் பொறுத்தவரை அவள் நேராகத்தான் நிற்கிறாள். இதற்கென்றே உள்ள பயிற்சிகளைக் கண்ணாடி வைத்துச் சொல்லித் தருவார்கள். அது மூளைக்கும் சேர்த்துத்தான் பாடம்.

எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. நெஞ்சுப் பகுதி வளைவு இடப்பக்கம் இருந்தாலோ, இருமினால் தலை வலித்தாலோ, கை கால் மரத்தாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்குச் சிறுமூளையின் அடிநுனி கழுத்துக்குள் இறங்கியிருக்கும், அல்லது தண்டுவடத்துக்குள் நீர் சேர்ந்திருக்கும். அது தனி விஷயம், அதற்கு வைத்தியமும் தனி.

நான் கவலைப்படுவது அந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான். வயதுக்கு வந்துவிட்டாளா என்று நீங்கள் எழுதவில்லை. வருவதற்கு முந்தைய ஓராண்டில்தான் பெண் பிள்ளைகள் வேகமாக உயர்வார்கள், வளைவும் அப்போதுதான் கூடும். இன்னும் வரவில்லை என்றால், நாலு மாதத்திலேயே காட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சுவரில் பென்சிலால் உயரம் குறித்து வாருங்கள். மாதம் ஒரு தரம் முன்னால் குனியச் சொல்லி, பின்னால் நின்று விலா ஒரு பக்கம் மேடாகிறதா என்று பாருங்கள். வளர்ச்சி பாக்கி இருக்கும்போது 25 டிகிரியைத் தாண்டினால் பிரேஸ் (உடம்பைச் சுற்றி அணியும் முதுகுக் கவசம்) போடச் சொல்வார்கள். பயப்படாதீர்கள், அது வேலை செய்கிறது. 2013-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 100-க்கு 72 பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவுக்குப் போகவில்லை. போடாதவர்களில் 48 பேருக்குத்தான் அப்படி. தினமும் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

அடுத்த முறை போகும்போது பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் எடுத்துப் போங்கள். சுடிதாருக்கு இடது தோளில் உள்ளே ஒரு மடிப்புத் துணி வைத்துத் தைத்தால் போதும், அந்த அக்காவுக்கே தெரியும்.