பங்குனி, சித்திரையில் மலையேற்றம்: வானம் பற்றிக் கேளுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது ஆண்டுகளாக நடப்பவன் நான். மாசி முடிந்து வைகாசி வரை மலைமேல் வானம் என்ன செய்யும் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அனுமதி, கட்டணம், தங்கும் விடுதி இவற்றுக்கு நான் ஆளில்லை.

மதுரையிலிருந்து: பங்குனியில் மழையே கிடையாது. மலையேற அதுதானே நல்ல காலம்?

மழை இல்லாததுதான் முதல் ஆபத்து. ஐப்பசி மழையில் வளர்ந்த புல், பங்குனியில் பஞ்சாகக் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். சமவெளியைவிடச் சரிவில் தீ வேகமாக ஏறும். சுடர் சரிவின் மேல் சாய்ந்து அடுத்த புல்லை முன்கூட்டியே வறுத்துவிடும். பகலில் பள்ளத்தாக்குக் காற்றும் மேல்நோக்கித்தான் வீசும். கீழே புகை தெரிந்தால் உச்சியைப் பார்த்து ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையையோ ஏற்கெனவே கருகிப்போன இடத்தையோ சேருங்கள். வனத்துறை பாதையை மூடியிருந்தால் வீட்டிலேயே இருங்கள்; குறுக்கு வழி காட்டுகிறேன் என்று வருபவனை நம்பாதீர்கள்.

சித்திரை பிறந்தால் கதை வேறு. காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று மேலே கிளம்பும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். பதினோரு மணிக்கு முகட்டின் மேல் காலிஃபிளவர் பூவைப்போல் வெள்ளை மேகம் தெரியும். அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு மணிக்குள் அடி கறுத்துவிடும். திடீரென்று சில்லென்று ஒரு காற்று அடித்தால் இடியும் மழையும் வாசலுக்கு வந்துவிட்டன என்று பொருள். ஆகவே என் விதி ஒன்றுதான்: விடியுமுன் கிளம்புங்கள், பகல் பன்னிரண்டு அடிக்கும்போது உச்சியிலும் முகட்டிலும் இருக்காதீர்கள்.

திருப்பூரிலிருந்து: சித்திரையில் வெள்ளியங்கிரி போகிறோம். ஸ்வெட்டர் தேவையா? கோவையே கொதிக்கிறது.

தேவை. கோவை ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெள்ளியங்கிரியின் உச்சியான ஏழாம் மலை ஏறக்குறைய 1,800 மீட்டரில். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் ஏறி வியர்வையில் நனைந்த சட்டையோடு மேலே காற்றில் நின்றால் அந்தக் கணக்கையும் தாண்டிக் குளிரும். உலர்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். ஸ்வெட்டரைவிட அது முக்கியம்.

சேலத்திலிருந்து: எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வெள்ளியங்கிரி ஏறலாமா?

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள் ஐயா. அவர் சரி என்று சொல்லும்வரை அடிவாரத்தில் பூண்டி கோயிலோடு திரும்பிவிடுங்கள்.

சென்னையிலிருந்து: மின்னலின்போது செல்போனை அணைக்க வேண்டுமா?

வேண்டாம். செல்போன் மின்னலை இழுக்காது. உயரமான இடத்தில் தனியாக நிற்பதுதான் ஆபத்து. ஒளிக்கும் ஒலிக்கும் நடுவே முப்பது விநாடிக்குக் குறைவாக எண்ணினால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டை விட்டு இறங்குங்கள். ஒற்றை மரத்தடி, குகை வாய், கூடாரம் மூன்றும் கூடாது. குழுவாக இருந்தால் தள்ளித் தள்ளி நில்லுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி பொறுங்கள்.

ஈரோட்டிலிருந்து: இடி இடிக்கும்போது செல்போன் பேசலாமா?

மேலே பார்க்கவும்.

பெரியகுளத்திலிருந்து: தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பது எங்கள் தாத்தா காலத்து அறிவு. ரேடியோ இல்லாமலே அவர் மழையைச் சொன்னார். நீங்கள் கணக்கையும் மணியையும் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள்.

தாத்தாவை நான் மறுக்கவில்லை. காற்று மாறும்போது சிறு பூச்சிகள் தாழும். அவற்றைத் தின்னும் தட்டானும் கூடவே தாழும். ஆனால் தாத்தா நின்றது வயலில். சுற்றிலும் பத்து மைல் வானம் அவருக்குத் தெரிந்தது. நீங்கள் நிற்பது பள்ளத்தாக்கில். மேகம் முகட்டின் மறுபக்கம் வளர்கிறது. தட்டான் சொல்வதற்குள் மேகமே தலைக்கு மேல் வந்துவிடும். மழைக்குமுன் வீடு சேர தாத்தாவுக்குக் கால் மணி போதும், உங்களுக்கு மூன்று மணி நேரம் வேண்டும்.

மீண்டும் பெரியகுளம்: வானிலைச் செயலியை நம்பலாம், தட்டானை நம்பக் கூடாதா?

செயலியையும் கண்மூடி நம்பச் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை என்றால் உங்கள் மலையில் எத்தனை மணிக்கு இடி என்று அதில் இருக்காது. புனே ஆய்வு மையத்தின் தாமினி செயலி அருகில் மின்னல் விழுவதைக் காட்டும்; அதற்கும் சிக்னல் வேண்டும், பாதி மலையில் சிக்னல் கிடையாது. இரண்டையும் பார்க்காமலே பன்னிரண்டு மணிக்குமுன் இறங்கலாமே.

கோத்தகிரியிலிருந்து: இந்தச் சண்டையில் நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரில் எதிர்மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தால், ஓரிரு நாளில் மழை என்பார்கள்.

அம்மா, இன்று வந்தவற்றில் இதுதான் எனக்குப் பிடித்தது. கோடையில் புழுதியும் புகையும் மண்டி எதிர்மலை மங்கலாக இருப்பதுதான் வழக்கம். திடீரென்று தெளிந்தால் வேறு காற்று வந்திருக்கிறது என்று அர்த்தம். தட்டான் தரும் முன்னறிவிப்பு நிமிடக் கணக்கு. இது நாள் கணக்கு, கிளம்புவதற்கு முந்தின நாளே பயன்படும். பெரியகுளத்துக்காரர் கோபிக்கக் கூடாது. இதுபோல் உங்கள் மலையின் அடையாளங்கள் தெரிந்தவர்கள் எழுதுங்கள், எந்த ஊர், எந்தத் திசை என்று சேர்த்து. ஊர் மாறினால் அடையாளமும் மாறும்.

பெரியகுளம்: கோபமில்லை. ஆனால் அந்தியில் ஈசல் பறந்தால் மழை என்பார்களே?

அந்தியில் நீங்கள் மலைமேல் இருக்கவே கூடாது என்கிறேன், ஈசலைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

விருதுநகரிலிருந்து: சதுரகிரிப் பாதையில் ஓடைகள் வறண்டிருக்கும்போது பயமில்லையே?

2015 மே மாதம் அங்கே திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமல் மேலே கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் எண்ணிப்பார்க்காமல் கரையேறுங்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கமே உட்காருங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். பஸ் போய்விடும் என்று கயிற்றைப் பிடித்துக் கடக்காதீர்கள்.

கோவையிலிருந்து: இடி வந்தால் செல்போனை...

இல்லை, இல்லை, இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து: கொடைக்கானலில் மலிவான விடுதி?

முதல் பத்தியைப் படியுங்கள் தம்பி.

தேனியிலிருந்து: உச்சிக்கு இன்னும் அரை மணி நேர நடைதான். மேகம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, காற்றும் இல்லை. அப்போதும் திரும்ப வேண்டுமா?

மேகத்தின் நிறம் இருக்கட்டும். மணி எத்தனை?