ஊக்கம் தரும் நாவல்களுக்கு இத்தனை புகழ் தகுமா? கேள்வி பதில்

இருபது வருடமாக மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், இந்த வகைப் புத்தகங்கள் நிறையக் கையைக் கடந்திருக்கின்றன. கேளுங்கள். ஒரே நிபந்தனை: பூப்படத்தின் மேல் அச்சடித்த ஒற்றை வாசகத்தை வைத்துக்கொண்டு நாவலைப் பற்றிப் பேச வராதீர்கள்.

கேள்வி: அக்கா, பாவ்லோ கொய்லோவின் 'ரசவாதி' நாவலை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பாதியிலேயே தூக்கம் வந்துவிட்டது. கோளாறு என்னிடமா, புத்தகத்திலா?

பதில்: உங்களிடம் இல்லை. பாலைவனம் வந்த பிறகு அது உபதேசமாகி இழுக்கும். ஆனால் தூங்குவதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்த்தீர்களா? மனதார விரும்பினால் பிரபஞ்சமே துணை வரும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதைச் சொல்பவர் ஒரு கிழட்டு ராஜா, அவர் கனவில் கண்ட புதையலைத் தேடிக் கிளம்பும் கதாநாயகனான இடையப் பையனிடம் ஆட்டு மந்தையில் பத்தில் ஒரு பங்கைக் கூலியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். ஆடுகளை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. இன்னொன்று, கண்ணாடிப் பாத்திரக் கடைக்காரர். மெக்கா போவது அவருடைய வாழ்நாள் ஆசை, கடையில் பையன் வந்த பிறகு பணமும் சேர்கிறது, ஆனாலும் போக மாட்டேன் என்கிறார். போய்விட்டால் அப்புறம் உயிரோடு இருக்க என்ன காரணம் மிச்சம் இருக்கும் என்று அவருக்குப் பயம். நாவலின் கொள்கைக்கு நேர் எதிரான ஆள், ஆசிரியர் அவரைக் கேலி செய்யாமல் விட்டிருக்கிறார். புத்தகம் பெற்ற பெயரில் பாதியை அந்த நாலு பக்கத்துக்கே கொடுப்பேன். மீதிப் பாதி கொஞ்சம் அதிகம்தான்.

கேள்வி: முதலில் எதைப் படிக்கலாம் மேடம்?

பதில்: 'குட்டி இளவரசன்'. சின்னது. பிடிக்கவில்லை என்றாலும் நஷ்டமில்லை.

கேள்வி: 'ரசவாதி' கதையே திருட்டு. 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுப்பில் அப்படியே இருக்கிறது. இதைச் சொல்லாமல் என்ன விமர்சனம்?

பதில்: இருக்கிறது, மறுக்கவில்லை. பாக்தாத்தில் நொடித்துப்போன ஒருவன் கனவை நம்பி கெய்ரோ போகிறான், அங்கே அகப்பட்டு அடி வாங்குகிறான், அடித்த காவல் அதிகாரி சிரித்துக்கொண்டே "எனக்கும்தான் பாக்தாத்தில் ஒரு வீட்டு நீரூற்றுக்கு அடியில் புதையல் இருப்பதாக மூன்று தடவை கனவு வந்தது, நான் போனேனா?" என்கிறார். அது இவன் வீடு! பாரசீகக் கவிஞர் ரூமியின் 'மஸ்னவி'யிலும் இது உண்டு, அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1935இல் ஒன்றிரண்டு பக்கத்தில் திருப்பிச் சொன்னார். இத்தனை கை மாறிய கதையை யார் யாரிடம் திருடினார்கள் என்பீர்கள்?

கேள்வி: போர்ஹெஸ் எங்கிருந்து எடுத்தேன் என்று கீழே போட்டார். கம்பரும் தனக்கு முன் வடமொழியில் பாடியவரைப் பாயிரத்திலேயே சொன்னார். மூலத்தைச் சொல்வதுதானே மரியாதை?

பதில்: மரியாதைதான், இந்த இடத்தில் உங்கள் பக்கம் சாய்கிறேன். ஆனால் மரியாதைக் குறைவு வேறு, திருட்டு வேறு. எனக்கு அதைவிடப் பெரிய குறை இருக்கிறது. பழைய கதையின் வலுவே அந்த அதிகாரியின் சிரிப்புதான். நம்பாதவன் வாயிலிருந்தே முகவரி கிடைக்கிறது, அதோடு கதை முடிகிறது. கொய்லோவிலும் கடைசியில் அப்படிக் கனவைக் கேலி செய்கிற ஆள் வருகிறான், ஆனால் அதற்குள் காற்று, சூரியன், பாலைவனம் எல்லாமே பையனுக்குப் பாடம் எடுத்து முடித்துவிடுகின்றன. பையன் காதலிக்கும் பாத்திமா என்றொரு பெண், அவளுக்குக் கதையில் வேலையே காத்திருப்பதுதான். தன் கனவைத் தேடிப் போகச் சொல்லும் நாவலில் அவளிடம் யாரும் 'உன் கனவு என்னம்மா' என்று கேட்கவில்லை. இதைப் பற்றிச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

கேள்வி: பாத்திமா விஷயம் அந்தக் காலம், அந்த ஊர் வழக்கம் இல்லையா?

பதில்: நாவல் வந்தது 1988இல். பாலைவனப் பெண் காத்திருப்பாள் என்று எழுதி அதை அழகு என்றும் சொல்வது ஆசிரியர் எடுத்த முடிவு, அதற்கு ஒட்டகம் பொறுப்பாகாது.

கேள்வி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம் அக்கா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' இந்த வகையில் சேருமா? மனிதனை அழிக்கலாம், தோற்கடிக்க முடியாது என்ற வரி என் மேசையில் ஒட்டியிருக்கிறது.

பதில்: வாசகம் பற்றி ஆரம்பத்திலேயே சொன்னேன், பரவாயில்லை. அடுத்த வரியையும் பக்கத்தில் ஒட்டுங்கள். அதைச் சொன்ன கையோடு அந்த மீனவக் கிழவர், மீனைக் கொன்றுவிட்டேனே என்று வருந்துகிறார். 84 நாள் மீனே படாமல் இருந்தவர், கடைசியில் கரைக்குக் கொண்டுவருவது எலும்புக்கூட்டை. அந்த வருத்தத்தை வெட்டிவிட்டால் அந்த வரி உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் எழுதத்தான் ஆகும். ஜெர்மன் எழுத்தாளர் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலும் இப்படித்தான்: ஞானம் தேடி அத்தனை அலைந்த மனிதரை விட்டு அவருடைய மகன் பணத்தையும் படகையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான், அவரிடம் அதற்கு மருந்து இல்லை. ஒரு நாவல், கதாநாயகனை மறுத்துப் பேசவோ உதறிவிட்டுப் போகவோ ஒருவரையாவது அனுமதிக்கிறதா என்று பாருங்கள். என் அளவுகோல் அதுதான்.

கேள்வி: 'ஜொனாதன்' கடற்பறவைக் கதை?

பதில்: 1970இல் வந்தது, அரை மணி நேரத்தில் முடியும். பறக்கும் பகுதிகள் நன்றாக இருக்கும், எழுதியவர் விமானி. பறவை குருவாக மாறியதும் நான் இறங்கிவிடுவேன்.

கேள்வி: ரசவாதி படித்துவிட்டு வேலையை விடலாம் என்று இருக்கிறேன். தைரியம் சொல்லுங்கள்.

பதில்: இதற்கு மெய்ப்புப் பார்ப்பவள் ஆள் இல்லை. கணக்குத் தெரிந்தவரிடம் சேமிப்பைக் காட்டிக் கேளுங்கள். ஆறு ஆடு கொடுக்கிற நிலையில் இருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு ஆடா? பத்தில் ஒன்று என்றுதானே சொன்னீர்கள்?

பதில்: மந்தையில் அறுபது.

கேள்வி: புதிதாகப் படிப்பவருக்கு எந்த நாவல்...

பதில்: குட்டி இளவரசன், குட்டி இளவரசன், குட்டி இளவரசன். அடுத்த ஆள் பாத்திமாவைப் பற்றிக் கேளுங்களேன்.