போன் – சாந்தனே: டி974 வேண்டாம்

செப்டம்பரில் பிரான்சின் பர்கண்டியில் உள்ள போன் ஊரிலிருந்து சாந்தனே ஊருக்கு ரோடு சைக்கிளில் போகணும், டி974 நெடுஞ்சாலையில் லாரி பயம், 25 மி.மீ. டயர் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ரோட்டையே விட்டுவிடுங்கள். அதற்கு மேற்கே, ‘வுவா தே வீஞ்’ (திராட்சைத் தோட்ட வழி) என்ற சைக்கிள் பாதை பொமார், வொல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே வழியாகச் சுமார் 22 கி.மீ. போகிறது. கார் அபூர்வம்.

சிக்கல் டயரில்தான். தோட்டத்து டிராக்டர்கள் இழுத்துப் போடும் சுண்ணாம்புக் கல், மழைக்குப் பின் பாதையில் கிடக்கும். காற்று குறைவாக இருந்தால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். ஃபிரேமில் இடமிருந்தால் 28 போடுங்கள். 70 கிலோ ஆளுக்குப் பின் டயரில் 75, முன் டயரில் 70 பி.எஸ்.ஐ. காற்று போதும். 25-ஆலும் முடியும், கை கொஞ்சம் மரத்துப்போகும். உதிரி ட்யூப் இரண்டு.

செப்டம்பர் திராட்சை அறுவடைக் காலம். கொடி வரிசைக்கு மேலே கால் பரப்பி நிற்கும் அந்த உயரமான டிராக்டர், வரிசை முடிவில் சட்டென்று பாதைக்குத் திரும்பும். நின்று வழிவிடுங்கள், அது தோட்டக்காரர்கள் வேலைக்கான பாதை.

சாப்பாட்டை 12 மணிக்கு முன் வாங்கிவிடுங்கள், மதியம் ஊர்க்கடைகள் பூட்டிக் கிடக்கும். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டக் குழாய் உண்டு. ‘நோன் பொத்தாப்ள்’ (குடிக்க உகந்ததல்ல) என்ற பலகை இருந்தால் குடிக்காதீர்கள்.