கேரளா எல்லை வாளையார் தாண்டி வாங்குற லாட்டரி டிக்கெட் – குத்தமா, லாபமா?

கேள்வி: கோயமுத்தூர்ல இருக்கேன், வேலை விஷயமா பாலக்காடு போறப்ப கேரளா லாட்டரி வாங்குவேன். இது தப்பா? பரிசு விழுந்தா நமக்கு குடுப்பாங்களா? வாட்ஸ்அப்ல ஒருத்தர் டிக்கெட் போட்டோ அனுப்புறார், அதுல வாங்கலாமா? மொத்தத்துல வாங்குறது வொர்த்தா சார்?

பதில்: தமிழ்நாட்டுல 2003ல இருந்து எல்லா லாட்டரிக்கும் தடை. ஆனா தடை இங்க விக்கிறதுக்குத்தான், கேரளா அரசு லாட்டரிய கேரளா கடையில காசு குடுத்து வாங்குறது குத்தம் இல்ல, தமிழ்நாட்டுக்காரர்ங்கிறதுக்காக பரிசு இல்லன்னும் சொல்ல முடியாது. ஓணத்துக்கு கேரளா அரசு விடுற பெரிய பரிசு லாட்டரி திருவோணம் பம்பர், 2023ல அதோட முதல் பரிசு 25 கோடி நம்மூர்க்காரங்க நாலு பேர் சேர்ந்து வாங்கின டிக்கெட்டுக்குத்தான் விழுந்துச்சு, உடனே அது தமிழ்நாட்டுல பிளாக்ல வித்த டிக்கெட்னு புகாரும் போச்சு. அதனால எங்க வாங்கினோம், எதுக்கு கேரளா போனோம்னு சொல்ல தயாரா இருங்க.

வாட்ஸ்அப் ஆளை இன்னைக்கே பிளாக் பண்ணுங்க. கேரளா லாட்டரி பேப்பர் டிக்கெட் மட்டும்தான், ஆன்லைன் விற்பனையே கிடையாது. டிக்கெட் அவர் கையில, உங்ககிட்ட வெறும் போட்டோ, நாளைக்கு கோடி விழுந்தா அவர் போனை எடுப்பாரா? போலீஸுக்கு போகலாம்னா அங்கயும் சிக்கல், 1998 லாட்டரி ஒழுங்குமுறை சட்டம் 7வது பிரிவுல சட்டத்தை மீறி வித்தவர் மட்டும் இல்ல, வாங்கினவருக்கும் சேத்துதான் ரெண்டு வருஷம் வரைக்கும் கடுங்காவல் இல்லன்னா அபராதம், இல்லன்னா ரெண்டும்னு இருக்கு. நம்மூர் டீக்கடை ஓரத்துல ஓடுற மூணு நம்பர் லாட்டரி இன்னும் மோசம், அதுக்கு டிக்கெட்டே கிடையாது, துண்டு சீட்டுதான்.

வொர்த்தான்னு கேட்டீங்கல்ல, அது என்னை மாதிரி வக்கீல்கிட்ட கேக்குற கேள்வி இல்ல, இருந்தாலும் கணக்கு போட்டுடுவோம். ஓணம் பம்பர் டிக்கெட் 500 ரூபா, 70 லட்சத்துக்கு மேல விக்குது, அப்போ 25 கோடிய அத்தனை டிக்கெட்டுக்கும் பிரிச்சா உங்க பங்கு 36 ரூபா கூட வராது. சின்ன பரிசெல்லாம் சேத்தாலும் 500ஐ தொடாது. விழுந்தவருக்கும் 25 முழுசா வராது, ஏஜென்ட் கமிஷன் 10% போயி 22.5, அதுல 30% வரி பிடிச்சு 15.75 கோடி, அதுக்கு மேல சர்சார்ஜ், செஸ்னு வரி மேல போடுற கூடுதல் வரியெல்லாம் நீங்கதான் கட்டணும். இத்தனை வருஷமா வாங்கி தோத்த டிக்கெட் காசை வரியில கழிக்கவும் முடியாது. அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டம்தான்னு சுப்ரீம் கோர்ட் 1999லயே சொல்லிடுச்சு. வீட்டு செலவு காசுல வாங்காதீங்க, கடன் வாங்கி வாங்கவே வாங்காதீங்க.

அப்படியும் வாங்குவேன்னா, ஒண்ணு ரெண்டோட நிறுத்துங்க, கட்டு கட்டா கொண்டுவந்தா விக்கத்தான்னு போலீஸ் நினைக்கும். வாங்கின உடனே பின்னாடி பேர், அட்ரஸ் எழுதி கையெழுத்து போடுங்க, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. பிரெண்ட்ஸோட சேந்து வாங்கினா யார் எவ்ளோ போட்டாங்கன்னு குலுக்கலுக்கு முன்னாடியே எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டுடுங்க. விழுந்தா 30 நாளுக்குள்ள ஒரிஜினல் டிக்கெட்டை குடுத்தாகணும்.