கிரியேட்டினின் 1.6, டைக்ளோஃபெனாக் கொடுக்கலாமா?

சகோதரி, மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பிய அம்மாவுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 1.6 என்று கூடுதலாக இருப்பதால், டாக்டரிடம் பேசும்வரை அடுத்த மாத்திரை வேண்டாம். இன்றே போன் செய்யுங்கள்.

மருந்து நல்லதுதான். வீக்கம் வடியும், டிரமடால் என்ற வலுவான வலி மருந்து குறைவாகவே தேவைப்படும், அதனால் வாந்தியும் தலைசுற்றலும் குறையும். ஆனால் அம்மா பிரஷருக்கு டெல்மிசார்டானும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறாரே! மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். இப்படிச் சேர்த்துச் சாப்பிட்ட என் அப்பாவுக்கு மூன்றாம் நாளே பாதம் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

கூடவே தரும் பான்டோபிரசோல் வயிற்றுக்குத்தான் காவல், சிறுநீரகத்துக்கு இல்லை. பாராசிட்டமாலும் ஐஸ் ஒத்தடமும் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர் குறைந்தாலோ மலம் தார் போலக் கறுத்தாலோ, ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.