அமெரிக்காவின் டெக்சாஸில், ஆஸ்டின் பக்கத்தில் இருக்கும் ஹாமில்டன் பூல் என்ற அருவிக் குளத்துக்கு ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா? அருவியில் குளிக்க விடுவார்களா?

தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் "அருவியில் குளிக்கப் போறோம்" என்று சொல்லிக் காரில் ஏற்றாதீர்கள். பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். குளிக்க விட்டால் லாபம்.

என் பெற்றோருக்குத் தென்காசிப் பக்கம். குற்றாலத்தில் தலையைக் கொடுத்துப் பழகியவர்கள். கோடை முடிகிற நேரத்தில் இங்கே கூட்டிப் போனேன். 50 அடி உயரத்திலிருந்து நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னது: "ஏல, நம்ம பம்புசெட்டுல இதவிட வேகமா விழும்லா!" அவர் சொன்னதில் தப்பில்லை. மழை இல்லாத மாதங்களில் அருவி சொட்டாகக் குறைந்துவிடும். ஆனால் குளம் வற்றுவதில்லை. நீர்மட்டமும் அனேகமாக மாறாது. நிறைய விழ வேண்டும் என்றால் வசந்த கால மழைக்குப் பிறகு போக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் அங்கே பார்க்க வேண்டியது அருவியை அல்ல, பாறையை. ஒரு காலத்தில் நிலத்தடியில் ஓடிய ஆறு அது. மேல்கூரை அரித்து அரித்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இடிந்து விழுந்துவிட்டது. மிச்சம் நிற்கும் பாதிக் கூரைதான் குளத்துக்கு மேல் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலே கெட்டியான சுண்ணாம்புப் பாறை, அடியில் எளிதில் உதிரும் களிப்பாறை. அடிப்பாறை கரையக் கரைய மேல்பாறை அந்தரத்தில் நிற்கிறது. அதன் விளிம்பிலிருந்து சுண்ணாம்பு விழுதுகள் தொங்கும். ஈரம் கசியும் இடத்திலெல்லாம் பாசியும், கறுப்புக் காம்பும் சின்னச் சின்ன இலையுமாகப் பெரணியும். கூரையின் உள்பக்கம் அண்ணாந்து பார்த்தால் மண்ணை உருட்டி உருட்டி ஒட்டிய கூடுகள் தெரியும். தகைவிலான் குருவிகளின் வேலை அது. வெளியே 38 டிகிரி வெயில் கொளுத்தும்போதும் அந்தக் கூரை நிழலுக்குப் பக்கத்தில் நின்றால் உடம்பு குளிர்ந்துவிடும். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சில நாள் குளிக்க விடாததற்கு ஒரு காரணம், எப்போது வேண்டுமானாலும் பெயர்ந்து விழக்கூடிய இதே பாறைதான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸையே உறைய வைத்த பனிப்புயல் ஞாபகம் இருக்கும். அப்போது பாறைகள் பெயர்ந்து விழுந்ததால், கூரைக்கு அடியில் குளத்தைச் சுற்றி நடக்கிற பாதையை மூடிவிட்டார்கள். பழைய படங்களில் அருவிக்குப் பின்னால் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு அதே கனவோடு போகாதீர்கள். இது போக, தண்ணீரில் பாக்டீரியா அளவைச் சோதிப்பார்கள். மழை பெய்தால் மேட்டு நிலத்துக் கழிவெல்லாம் ஓடையில் சேர்ந்து அளவு ஏறிவிடும். அதாவது அருவி அழகாக விழும் நாளில்தான் குளிக்கத் தடை வர வாய்ப்பு அதிகம்! கிளம்பும் நாள் காலையில் இந்த இடத்தைப் பராமரிக்கும் டிராவிஸ் கவுண்டி (மாவட்டம் மாதிரி) பூங்காத் துறையின் இணையதளத்தில் நீச்சல் உண்டா இல்லையா என்று பார்த்துவிடுங்கள்.

முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். காலை, மதியம் என்று இரண்டு வேளையாகப் பிரித்து விடுகிறார்கள். காருக்கு ஒரு கட்டணம் ஆன்லைனில், ஆளுக்கு ஒரு கட்டணம் தனி. இவ்வளவு கெடுபிடியா என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. 1880களிலிருந்து ரைமர்ஸ் என்ற குடும்பத்தின் ஆடு மாடு மேய்க்கும் நிலமாக இருந்த இடம் இது (அவர்கள் வீட்டு எட்டு வயதுப் பையன்தான் குளத்தைக் கண்டுபிடித்தான் என்று ஒரு கதை உண்டு). பிறகு அவர்களே பொதுமக்களுக்குத் திறந்துவிட, கூட்டம் சேர்ந்து, செடிகொடி எல்லாம் மிதிபட்டு நாசமானது. 1985இல் கவுண்டி 232 ஏக்கரை வாங்கிய பிறகுதான் மூச்சு விட்டது.

வயதானவர்களுக்கு முக்கியமான விஷயம் படி. கார் நிறுத்துமிடத்திலிருந்து குளத்துக்குக் கால் மைல்தான். ஆனால் சரிவு, ஏற்றத்தாழ்வான கல்படிகள். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூட்டு பேசும். அம்மாவுக்குச் சேலையோடு சிரமமாகிவிட்டது. சுடிதாரும் பிடிப்புள்ள ஷூவும் போட்டுவிடுங்கள், செருப்பு வேண்டாம். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். உயிர்காப்பாளர் யாரும் கிடையாது, அதனால் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால் கண் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும்.

குளித்தே ஆக வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தால் ஸ்பைஸ்வுட்டில் இருக்கும் க்ராஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போங்கள். தனியார் இடம். சின்ன அருவி, பெரணி தொங்கும் குடைவு, ஊற்றுநீர்க் குளம் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆஸ்டினுக்குள்ளேயே போதும் என்றால் ஜில்கர் பூங்காவின் பார்ட்டன் ஸ்பிரிங்ஸ். அருவி இல்லை, ஆனால் மூன்று ஏக்கர் குளம், வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி. வியாழக்கிழமை பகலில் சுத்தம் செய்ய மூடுவார்கள், அன்றைக்கு மட்டும் போகாதீர்கள்.