ஒல்லி உடம்பு, தொந்தி வயிறு, பக்கவாதம்

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கும் என் அப்பாவுக்கு வயது 56. கை கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் தொந்தி. போன மாதம் விடியற்காலையில் காப்பி டம்ளரை வலது கையில் வாங்கினவர் அப்படியே சாய்த்து மடியில் கொட்டிக்கொண்டார், பேச்சும் குழறியது. குளிரில் கை மரத்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்து, மத்தியானம்தான் சேலத்துக்குக் கூட்டிவந்தோம். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். இப்போது நடக்கிறார், கை இன்னும் சரியாகவில்லை. நர்சிங் படிக்கும் என் தங்கை, கொழுப்பிலிருந்து வரும் சில பொருள்களை ரத்தத்தில் அளந்தால் அப்பா எவ்வளவு தேறுவார் என்று தெரியும் என்கிறாள். கொலஸ்ட்ரால் டெஸ்ட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, இது வேறா? எங்கே எடுப்பது?
- வாசகி, ஏற்காடு

பதில்: வேறுதான். கொலஸ்ட்ரால் ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பு. தங்கை சொல்வது, தோலுக்கடியிலும் குடலைச் சுற்றியும் படிந்திருக்கிற கொழுப்புத் திசு ரத்தத்துக்குள் விடுகிற புரதங்களைப் பற்றி, அடிபோகைன் என்று பெயர். 1994-ல் அமெரிக்காவின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழுவினர் இவற்றில் ஒன்றான லெப்டினைக் கண்டுபிடிக்கும் வரை, கொழுப்பு என்றால் எண்ணெய் டின் மாதிரி, மிஞ்சியதை ஊற்றி வைக்கிற இடம் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். அடுத்த வருடம் அடிபோனெக்டின், 2001-ல் ரெசிஸ்டின் என்று வரிசையாக வந்தன. கொழுப்பு கூடக்கூட லெப்டின் ஏறும். அடிபோனெக்டின் நேர்மாறு, வயிற்றுக் கொழுப்பு கூடினால் அது இறங்கும், ரத்தக்குழாய்ச் சுவரின் அழற்சியை அடக்கிவைப்பது அதன் வேலைகளில் ஒன்று என்பதால் அது குறைவது நல்லதல்ல.

அப்படியானால் அதை அளந்துவிடலாமே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். பக்கவாதம் வந்தவர்களிடம் அளந்து பார்த்தபோது சில ஆய்வுகளில் அடிபோனெக்டின் குறைவாக இருந்தவர்கள் மோசமானார்கள், வேறு சிலவற்றில் அதிகமாக இருந்தவர்கள்தான் மோசமானார்கள். சிறுநீரகம் சரியில்லை என்றாலும் அது ஏறும், லெப்டின் பெண்களுக்கு இயல்பாகவே அதிகம், பகலில் ஒன்று ராத்திரியில் ஒன்று என்று மாறும், பக்கவாதம் வந்த அதிர்ச்சியே இந்த அளவுகளைக் குழப்பும். ஆகவே ஒருவர் கையில் ஒரு எண்ணைக் கொடுத்து, உங்கள் அப்பா இவ்வளவு தேறுவார் என்று சொல்ல இப்போதைக்கு முடியாது. ஆராய்ச்சிக்கு அது மிக முக்கியம், தங்கை தொடர்ந்து படிக்கட்டும், நீங்கள் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தைக் கைக்கான பிசியோதெரபிக்கு வையுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "கை கால் ஒல்லி, வயிறு மட்டும் தொந்தி" என்ற வரி. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது, புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யூட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், ஒரே அளவு, 22.3. ஆனால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2. எடை மெஷினில் ஏறி "நான் ஒல்லி" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோமே, அது நமக்குச் சரிப்படாது. இன்ச் டேப்பை எடுங்கள். அரைஞாண் கயிற்றை வைத்து அளக்காதீர்கள், அது தொந்திக்குக் கீழே இறங்கிவிட்டிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கூடவே ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கு இ.சி.ஜி., கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், இதெல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள். திரும்ப வராமல் தடுக்க உதவுவது இவைதான், பீடி சிகரெட் இருந்தால் அதை விடுவதும்.

அப்புறம், அந்தக் காலை நேரத்தை நினைத்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள், குளிர் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இனி வாய் கோணினாலோ கை தொங்கினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம், அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சி.டி. ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் கட்டியை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள், எனவே நேரமாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். ஊசிக்கு முன் எல்லோருக்கும் கட்டாயம் பார்க்கிற ரத்தப் பரிசோதனை சர்க்கரைதான், விரல் நுனியில் ஒரு சொட்டு. ஆம்புலன்சில் தங்கை கூட வந்தால், அப்பா கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.